சத்தமில்லாமல் வெடித்த கப்பல்

திரையில் விண்கப்பல் வெடித்துச் சிதறியது. சத்தம் மட்டும் வரவில்லை.

தியேட்டரின் மேல்மாடியில், புரொஜக்டர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்த ஆபரேட்டர், ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். அறையிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் காதை வைத்தார். மூச்சு பேச்சு இல்லை. தட்டிப் பார்த்தார். கெஞ்சியும் பார்த்தார்.

பத்து வருட வேலையில் அவர் செய்த தப்பு இரண்டே இரண்டுதான். ஒரு தடவை, இடைவேளைக்குப் பிறகு வரவேண்டிய பாதியை முதலில் ஓட்டிவிட்டார். முதலாளியின் மாமியாரைத் தவிர வேறு யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. இன்னொரு தடவை, சத்தம் போய்ப் பன்னிரண்டு நிமிடம் அவருக்கே தெரியவில்லை. கதாநாயகன் துக்கத்தில் வாயடைத்துப் போய்விட்டான் என்று நினைத்து, இவரும் மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொரு தடவை சத்தம் போச்சுன்னா, சாவியக் குடுத்துட்டு நீயும் போயிடு" என்றார், ரொம்ப சாந்தமாக.

இன்றைக்குப் போயே போய்விட்டது. அதுவும் எந்த நாளில்! முதலாளி கீழே நடுவரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில், இந்தப் படத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசனை சொன்ன ரிட்டயர்டு ராக்கெட் இன்ஜினியர்.

மதிய ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே மேனேஜர் மூச்சிரைக்க மாடியேறி வந்து சொல்லியிருந்தார்.

"பெரிய ஆளுங்க அவரு. ராக்கெட்ல ஒரு ஸ்குரூ லூசா இருந்தா வாசல்ல நின்னே சொல்லிடுவாராம். இந்தப் படத்துல முன்னூறு தப்புன்னு எழுதிக் குடுத்தாராம். டைரக்டர் ஒண்ணே ஒண்ணத்தான் திருத்த ஒத்துக்கிட்டாராம். அதுக்கே ரெண்டு வருஷம் சண்டையாம்."

"எதைத் திருத்தினாங்களாம் சார்?"

"யாருக்குத் தெரியும்? இந்தாங்க, படக் கம்பெனி லெட்டர். படிச்சிட்டு ஓட்டுங்க."

"கண்டிப்பா சார்" என்று வாங்கிய ஆபரேட்டர், அதன்மேல் டீ கிளாஸை வைத்தார். லெட்டரைப் பொறுத்தவரை அத்தோடு அவர் கடமை முடிந்தது.

இப்போது திரையில் கப்பலின் இன்னொரு பக்கமும் பிய்ந்துகொண்டு போனது. அதுவும் ஊமையாகவே போனது.

ஆபரேட்டர் வால்யூமைக் கூட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. குமிழ் நிற்கும் மட்டும் திருகினார். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, சந்தேகத்துக்குரிய ஒரு வயரைப் பிடுங்கினார். தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றது. மறுபடி செருகினார். விசிறி சுற்றவில்லை. சவுண்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அவர் எடுக்கவில்லை.

கண்ணாடி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். இருட்டில் வரிசை வரிசையாகத் தலைகள். அதில் ஒரு தலை மெதுவாகத் திரும்பி, புரொஜக்டர் அறையையே பார்த்தது. வழுக்கையை வைத்தே அடையாளம் தெரிந்தது. முதலாளி.

ஆபரேட்டர் சட்டென்று குனிந்து மேஜைக்கடியில் உட்கார்ந்துகொண்டார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மெக்கானிக் இல்லை, மனைவி.

"என்னங்க, இவ வாயைத் திறக்கவே மாட்டேங்குறா. போன்ல ரெண்டு ராக்கெட் விடுங்க."

அவர்கள் மகளுக்கு மூன்று வயது. ஸ்பூன் ராக்கெட்டாக வந்தால்தான் சாப்பிடுவாள். அதுவும் அப்பா விடும் ராக்கெட் மட்டும்தான். அம்மாவின் ராக்கெட்டில் வேகம் போதாது என்று ஒதுக்கிவிட்டாள்.

"ராக்கெட்டாவது ஒண்ணாவது! இங்க எனக்கு வேலையே போகப்போகுது" என்று மேஜைக்கடியிலிருந்து கிசுகிசுத்தார் ஆபரேட்டர். "கப்பல் வெடிக்குதுடி, சத்தம் வரல. முதலாளி என்னையே பாக்குறாரு."

"சத்தம்தானே வேணும்? ஒரு தட்டு சோத்துக்கு நாப்பது ராக்கெட் விடுற மனுஷன். அங்க மைக்குன்னு ஒண்ணு இருக்குமில்ல?"

இருந்தது. யாராவது பர்ஸைத் தவறவிட்டாலோ, வண்டியைக் கோணலாக நிறுத்தினாலோ அறிவிப்பதற்கான மைக். கடைசியாக அதில் அவர் பேசியது, ஆட்டத்துக்கு முன், ஸ்விட்சைப் பார்க்கிங் பக்கம் திருப்பி, வழியை மறித்து நின்ற ஒரு வெள்ளைக் காரைப் பற்றி.

"வேற வழியே இல்லியா?" என்றார் பரிதாபமாக.

"வேலை போனா வீட்டு வாடகைக்கு வேற வழி இருக்கா?"

ஆபரேட்டர் எழுந்தார். போனை மேஜைமேல் வைத்துவிட்டு மைக்கைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு முதல் சத்தத்தை விட்டார்.

"டுஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..."

கண்ணைத் திறந்தபோது திரையில் ஒரு இயந்திரத் துண்டு பார்வையாளர்களை நோக்கிப் பறந்து வந்துகொண்டிருந்தது. "டமால்!" என்றார், அடிவயிற்றிலிருந்து. முன்வரிசையில் நாலைந்து பேர் தூக்கிவாரிப்போட்டுப் பின்னால் சாய்ந்தார்கள்.

ஆபரேட்டருக்கு லேசாகத் தெம்பு வந்தது. அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. சாப்பாட்டு டப்பாவை எடுத்து ஸ்பூனால் தட்டினார். இரும்புத் துண்டுகள் மோதிக்கொண்டன. பீரோவை முஷ்டியால் குத்தினார். எரிபொருள் தொட்டி வெடித்தது. அபாய விளக்கு சிவப்பாக மின்னியபோதெல்லாம் "பீப் பீப்" என்று கூவினார். கயிறு அறுந்து கதாநாயகி வெளியில் மிதந்து போனபோது, அந்தப் பெண் இவ்வளவு பெரிய ஆபத்தில் வாயே திறக்காமல் போவது அவருக்குச் சரியாகப் படவில்லை. அவளுக்காக "ஐயோ அம்மா!" என்று கீச்சுக் குரலில் அலறிவைத்தார்.

கீழே யாரும் எழுந்து போகவில்லை. முதலாளியும் இப்போது திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பித்தோம் என்று ஆபரேட்டர் வியர்வையைத் துடைக்கத் துணி தேடினார். கையில் கிடைத்தது டீ கிளாஸுக்கு அடியிலிருந்த கவர். அதிலிருந்த தாளை உருவினார். டீக்கறை வட்டத்துக்குள் நாலு வரி தெரிந்தது.

'அறுபத்தெட்டாம் நிமிடத்தில் விண்கப்பல் வெடிக்கும்போது, நான்கு நிமிடங்களுக்கு ஒலி இராது. விண்வெளியில் காற்று இல்லாததால் சத்தம் கேட்காது. எங்கள் தொழில்நுட்ப ஆலோசகர் இரண்டு ஆண்டுகள் வாதாடிப் பெற்ற காட்சி இது. ஆபரேட்டர்கள் தயவுசெய்து எதையும் தொட வேண்டாம்.'

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடுகள் போட்டிருந்தன.

ஆபரேட்டர் அந்த வரியை மூன்று முறை படித்தார். எதையும் தொட வேண்டாமாம். அந்த அறையில் அவர் தொடாத பொருள் என்று ஒன்றும் மிச்சமில்லை. முன்னூறு தப்புகளில் அந்த மனிதர் திருத்த முடிந்தது ஒன்றே ஒன்று. அதில் போய் டப்பாவைத் தட்டி, "ஐயோ அம்மா" போட்டாகிவிட்டது.

மேஜையிலிருந்து மனைவியின் குரல் சந்தோஷமாகக் கேட்டது. "முழுத் தட்டும் காலிங்க! இன்னிக்கு விட்ட மாதிரி என்னிக்குமே விட்டதில்ல நீங்க."

அவர் பதில் சொல்வதற்குள் நான்கு நிமிடமும் முடிந்தது. கதாநாயகி மீட்புக் கப்பலுக்குள் ஏறிக் கதவைச் சாத்தி, ஒரே ஒரு மூச்சு விட்டாள். வால்யூம் குமிழ் இன்னும் கடைசியில்தான் நின்றது. அந்த ஒரு மூச்சில் அறைக் கண்ணாடி அதிர்ந்தது. கீழே பாதிப் பேர் இருக்கையை விட்டு எழும்பி உட்கார்ந்தார்கள்.

ஆபரேட்டர் மைக்கை அணைத்தார், வால்யூமைக் குறைத்தார், பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து படம் முடியும்வரை எதையும் தொடவில்லை.

விளக்குகள் எரிந்ததும் மேனேஜர் போனில் வந்தார். "கீழ வாங்க. முதலாளி கூப்பிடுறாரு. அந்த இன்ஜினியரும் கூடவே நிக்கிறாரு."

"கோவமா இருக்காரா சார்?"

"இன்ஜினியரா? அழுதுக்கிட்டு இருக்காருங்க."

கீழே போக இருபத்திரண்டு படிகள். பத்து வருடமாக இரண்டிரண்டாகத் தாவி இறங்கியவர், இன்று ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். மாதக் கடைசியில் மனைவியிடம் என்ன சொல்வது, ராக்கெட் விடத் தெரியும் என்பதை வைத்து வேறெங்கே வேலை கேட்பது என்று யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை.

முன்கூடத்தில் இன்ஜினியர் கைக்குட்டையோடு நின்றார். ஒல்லியான மனிதர். கண்கள் சிவந்திருந்தன. ஆபரேட்டரைக் கண்டதும் எட்டிவந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அது? அந்த நாலு நிமிஷம்..." என்று ஆரம்பித்தார்.

ஆபரேட்டர் உடைந்துபோனார்.

"சார், என்னை மன்னிச்சிடுங்க சார்! லெட்டரைப் படிக்கல சார். சத்தம் போயிடுச்சுன்னு நினைச்சு நானே வாயால போட்டுட்டேன் சார். அந்த 'டுஸ்ஸ்' நான்தான், 'டமால்' நான்தான். இரும்பு மோதினது என் சாப்பாட்டு டப்பா. 'ஐயோ அம்மா' கூட நான்தான் சார்!"

இன்ஜினியர் கையை விட்டார். முதலாளியைப் பார்த்தார். முதலாளி இன்ஜினியரைப் பார்த்தார்.

"எப்போய்யா?" என்றார் முதலாளி.

"கப்பல் வெடிச்சப்போ."

"எதுல போட்ட?"

"மைக்குல. நாலு நிமிஷமும், விடாம." ஆபரேட்டர் சட்டைப்பையிலிருந்து அறைச் சாவியை எடுத்து முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார். "நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே போயிடுறேன் முதலாளி."

முதலாளி சாவியைப் பார்த்தபடி வாயைத் திறந்தார். அதற்குள் வெளிக் கதவு படாரென்று திறந்தது. பார்க்கிங் வாட்ச்மேன் தொப்பி கோணிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்.

"சார், அடுத்த ஆட்டத்துக்கு நிக்கிற கூட்டம் கதவை உடைக்குது! உள்ள ஓடினது சத்தமே இல்லாத படமாமே, அது வேணாமாம். பார்க்கிங் ஸ்பீக்கர்ல 'டமால் டுமீல், ஐயோ அம்மா'ன்னு ஓடுச்சே, அந்தப் படம்தான் வேணுமாம்!"