ரீப்ளே அண்ணாத்தே பிடித்த மைக்

இந்தியாவின் தலைசிறந்த கிரிக்கெட் வர்ணனையாளர் யார் என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். டிவியில் வருகிற பெரிய மனிதர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அவர் மண்ணூர்பேட்டைப் பட்டறை ஒன்றில் இரும்புத் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில்பதாகை மைதானத்தில் எங்கள் டென்னிஸ் பால் மேட்சுகளுக்கு மைக் பிடிப்பார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் ரீப்ளே அண்ணாத்தே.

எங்கள் மைதானத்தில் கேமரா கிடையாது. ஆனால் விக்கெட் விழுந்தால் டிவியில் மறுபடி காட்டுகிறார்களே, நமக்கு மட்டும் ஏன் கூடாது என்று அவருக்கு ஆதங்கம். அதனால் நடந்ததை வாயாலேயே ஸ்லோமோஷனில் திருப்பி ஓட்டுவார்.

"பா...லு வ...ரு...து. நம்ம நைனா... கண்ண... மூ...டிக்கினாரு. பேட்டு... கெயக்கால போவுது. பாலு... மேக்கால போவுது. ஸ்டம்பு... ரெண்டுக்கும் நடுவுல... பட்...டுனு சாயுது!"

அந்த நைனா அடியேன்தான். கடைசி ஆட்டக்காரன். ஒவ்வொரு வாரமும் நான் ஒரு தடவை அவுட் ஆவேன். அவர் வாயில் மூன்று தடவை அவுட் ஆவேன். பிரஸ் சத்தத்துக்கு மேல் இருபது வருஷமாகக் கத்திப் பழகிய தொண்டை அது. அவர் ரகசியம் பேசினாலே பட்டாபிராம் ஸ்டேஷனில் டிக்கெட் வாங்குகிறவன் திரும்பிப் பார்ப்பான்.

நாளாக ஆக, அம்பயரே சந்தேகம் வந்தால் அவரைத்தான் பார்த்தார். ஒரு அரையிறுதியில் ரன் அவுட் தகராறு. இரண்டு அணியும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஓடியவர் அண்ணாத்தேவின் சொந்த மச்சினன். மைதானமே மைக்கைப் பார்த்தது. அண்ணாத்தே கண்ணை மூடி, ரீப்ளேவை ஓட்டினார்.

"மச்சினன்... ஓ...டியாறாரு. நேத்து எங்கூட்ல தின்ன பிரியாணி... கூ...டவே ஓடியாறுது. கோட்டுக்கு ஒரு சாண் கீது... ஸ்டம்பு பூட்ச்சி. அவுட்டு!"

சண்டை சிரிப்பில் கரைந்தது. மச்சினனும் பேட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஆனால் அண்ணாத்தேவின் மனைவி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. "அவன் எந்தம்பிய்யா! ஒரு சாண் தள்ளிப் பாத்தா இன்னா?" என்றாராம். "மைக்கு முன்னாடி உறவு கெடையாது" என்று இவர் சொல்ல, இன்னொரு வாரம் நீண்டது.

டிவி வர்ணனையாளர்களைப் பற்றி அவரிடம் ஒரு ஆராய்ச்சியே இருந்தது. ஒருவர் குழந்தை பிறந்ததுபோல் கத்துவார், ஒருவர் டாக்டர் ரிப்போர்ட் படிப்பதுபோல் பேசுவார், ஒருவர் தான் ஆடிய காலத்தையே சொல்லிக்கொண்டிருப்பார். மூன்று குரலிலும் பேசிக் காட்டுவார். "ஆனா மூணு பேரையும் ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கே, எப்படி?" என்று கேட்டேன்.

"ஸ்கோருதான் எதிர்லயே எய்தி கீதே நைனா. பாக்கறவனுக்கு வேண்டியது, பக்கத்துல குந்திக்கினு பேச ஒரு ஆளு. அவ்ளோதான்."

போன வருஷம் அந்தத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. சாதாரணக் கட்டிதான், எடுத்துவிட்டார்கள். ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பழைய குரல் வருமா என்று சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மூன்றாவது ஞாயிறே அண்ணாத்தே மைதானத்துக்கு வந்துவிட்டார். மைக்கில் வேறு ஒருவர். நல்ல உச்சரிப்பு, தப்பில்லாத தமிழ். கூட்டம் பாதி பஜ்ஜிக் கடைக்குப் போய்விட்டது.

அன்றைக்கென்று நான் ஒரு சிக்ஸர் அடித்தேன். என் ஆயுளில் முதல் சிக்ஸர்! பந்து பஜ்ஜிக் கடைக் கூரையில் விழுந்தது. "ஆறு ஓட்டங்கள். அடுத்த பந்து" என்றார் மைக்கில் இருந்தவர்.

பொறுக்கவில்லை அண்ணாத்தேவுக்கு. எழுந்து எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, உடம்பாலேயே ரீப்ளே காட்டினார். என்னைப்போல் இடுப்பை வளைத்தார், மெதுவாக, இல்லாத பேட்டைச் சுழற்றினார், பறக்கிற பந்தாகக் கையை விரித்தார், கடைசியில் கரண்டியோடு அண்ணாந்து பார்க்கிற பஜ்ஜிக்கடைக்காரராக நின்றார். அம்பயர் உட்பட எல்லோரும் கை தட்டினோம்.

ஆட்டம் முடிந்து போய்ப் பார்த்தால், கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னா அண்ணாத்தே?"

செல்போனில் தட்டிக் காட்டினார்: 'இன்னிக்கு நீ கண்ண தொறந்துகினு அட்ச்ச நைனா. அத்த சொல்றதுக்கு வாயில்லாம பூட்ச்சி.'

ஆறு வாரம் கழித்துக் குரல் வந்தது. உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி, பழையதில் கால்வாசி. மைக்கை நீட்டினால் வாங்க மறுத்தார். "இத்த வச்சிக்கினு இன்னா பண்றது? எனுக்கே கேக்கல." நாங்கள் கெஞ்சவில்லை. வேறு யாரும் மைக்கைத் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டு மேட்சை ஆரம்பித்தோம். இரண்டாவது ஓவரில் ஒருவர் கேட்சை விட்டார். மைதானமே அண்ணாத்தேவைப் பார்த்தது. ஒரு நிமிஷம் தாங்கினார். பிறகு கை தானாக மைக்குக்குப் போனது. "கே...ட்ச்சி... வருது..."

மைக் வைத்தாலும் அந்தக் குரல் தூரத்துக்கு எட்டுவதில்லை. இப்போதெல்லாம் யாரும் எல்லைக் கோட்டைச் சுற்றிப் பரவி உட்காருவதில்லை. அவர் நாற்காலியை ஒட்டித்தான் மொத்தக் கூட்டமும். அந்தப் பக்கம் பந்து போனால் கால்களுக்கு நடுவில் தேடி எடுக்க ஐந்து நிமிஷம் ஆகிறது. யாரும் எழுந்து தள்ளிப் போவதாக இல்லை.