இயக்குநர் கண்டுபிடித்த விண்மீன் திரள்

வானத்தைத் தொட்டுவிட்டதாகப் பீற்றிக்கொள்பவர்கள் உலகில் ஏராளம். உண்மையிலேயே அதில் கை வைத்த பெருமை, விண்கருவி நிலையத்தின் மாண்புமிகு இயக்குநர் ஒருவருக்கே உரியது.

விண்வெளிக்குப் போகவிருந்த தொலைநோக்கியின் கண்ணாடிகளைப் பதினோரு வருடம் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியவள் லென்ஸம்மா. நிலையத்தில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. கண்ணாடி அறையில் தும்மலைக்கூட அடக்கிக்கொள்வாள். "என் மூஞ்சிய ஒரு தடவையாவது இப்படி உத்துப் பாத்திருக்கியா?" என்பது அவள் கணவரின் நிரந்தரப் புகார்.

வழியனுப்பு விழாவில் இயக்குநர், கேமராவுக்கு முன்னால் இருந்த கடைசிக் கண்ணாடியைக் கையுறை இல்லாமல் தொட்டு 'ஆசீர்வதித்தார்'. துடைக்க அனுமதி கேட்டு லென்ஸம்மா அனுப்பிய கோப்பு மூன்றாம் மாடியில் இளைப்பாறியது. அதற்குள் ராக்கெட் கிளம்பிவிட்டது. அந்த நிலையத்தில் நேரத்துக்குக் கிளம்பியது அது ஒன்றுதான்.

முதல் படம் வந்தது. நட்சத்திரங்களுக்கு நடுவே வரிவரியாக ஒரு சுழல்.

"புது கேலக்ஸி!" என்று துள்ளினார் இயக்குநர்.

"சார், அது உங்க கட்டைவிரல்," என்றாள் லென்ஸம்மா.

"பொறாமைம்மா உங்களுக்கு."

"எந்தப் பக்கம் திருப்பினாலும் அதுவே தெரியுது சார்."

"பாத்தீங்களா, எங்கும் நிறைஞ்சிருக்கு!"

லென்ஸம்மாவுக்கு அழுகை முட்டியது. கறை என்று ஒப்புக்கொண்டால் கணினியிலேயே எல்லாப் படங்களிலிருந்தும் நீக்கிவிடலாம். கண்டுபிடிப்பு என்றாகிவிட்டால் அதை யாரும் நீக்க முடியாது. பதினோரு வருட உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர். ஏழு முனைவர்கள் கொண்ட நிபுணர் குழு நான்கு மணி நேரம் கூடி, அது விண்மீன் திரளே என்று ஏகமனதாகக் 'கண்டறிந்து' கையெழுத்திட்டது. அதில் ஒரு வெட்டுத் தழும்பு தெரிவதாக முனகிய ஒருவரை, தேநீர் என்னாயிற்று என்று பார்த்துவர அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்து அவரும் கையெழுத்திட்டார்.

அறிக்கை ஒப்புதலுக்கு வந்தது. இயக்குநர் பேனாவைத் திறந்தார். லென்ஸம்மா மைப்பெட்டியை அவர் முன் நகர்த்தினாள்.

"எதுக்கும்மா இது?"

"கையெழுத்த யாரு வேணா போட்டுரலாம் சார். நாளைக்கு எவனாவது வந்து, நான்தான் கண்டுபிடிச்சேன்னு நின்னா? ரேகைன்னா பொய் சொல்லாது."

"அப்படிச் சொல்லுங்க!"

"வலது கட்டைவிரல் சார். நல்லா அழுத்தி."

அழுத்தினார். நிலையம் அந்த ரேகையைப் படத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவில், அதே வெட்டுத் தழும்போடு அச்சிட்டு உலகெங்கும் அனுப்பிவைத்தது. மறுவாரமே கறை நீக்கப்பட்டது. ஒரு கண்டுபிடிப்பை இத்தனை துல்லியமாக நிரூபித்த விஞ்ஞானி இதுவரை பிறந்ததில்லை. மை வைத்தவர் ஒருவர்தான்; ஆனால் எட்டுப் பேருமே கைநாட்டு என்பது உலகத்துக்கு விளங்கிவிட்டது.