டப்பா சாரின் ஃப்ரீசர்

மைசூரில் ஒரு மனிதனின் பொறுமையைத் தீர்த்துக்கட்ட ஒரே ஆள் போதும். அவர் என் பக்கத்து வீட்டில் இருந்தார். ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க அவருக்கு டப்பா சார் என்றுதான் பெயர். இப்போது நினைத்தாலும் அலுப்பாக இருக்கிறது.

எங்கள் வரிசையில் ஃப்ரிட்ஜ் வைத்திருந்தது அவர் மட்டும்தான். ஒண்டிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை ஒரு அண்டா சமைப்பார். மற்ற நாட்களில் அதை உடைத்துச் சாப்பிடுவார். உடைத்து என்றால் சுத்தியலால்தான். காலி பால் கவர்களைக் கழுவித் துணிக்கொடியில் காயப்போடுவார். ரசம், மாவு, பால் எல்லாம் அந்தக் கவர்களுக்குள் போய் ஃப்ரீசரில் கல்லாகிவிடும். கவர் தீர்ந்தால் எங்கள் வீட்டு டப்பா. என் டிபன் கேரியரின் நடு அடுக்கைக் கேட்கப் போனேன்.

"அதுல அவரைக்காய் கூட்டு இருக்கு சார். சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

"ஆபீசுக்கு எதுல சோறு கொண்டுபோறது?"

"மேலயும் கீழயும் இருக்கே சார்!"

கவரில் பெயர் எழுதி ஒட்டுங்கள் என்றேன். "நான் கட்டினது எனக்குத் தெரியாதா?" என்றார்.

என் தங்கையைப் பெண் பார்க்கக் கொள்ளேகாலில் இருந்து வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. மூன்று பேர் என்று சொல்லி எட்டுப் பேர் வந்தார்கள். வந்து இறங்கியதும் ஊரில் திடீரென்று பந்த். கடை இல்லை, பால் இல்லை, அவர்கள் திரும்பிப் போக பஸ்ஸும் இல்லை. டப்பா சாரிடம் ஓடினேன். ஒரு வெள்ளைக் கட்டியைக் கொடுத்தார்.

"கெட்டிப் பால் சார்."

கெட்டிதான். என் மனைவி காபியில் கரண்டியை நிறுத்திக் காட்டினாள். விழாமல் நின்றது. "இது இட்லி மாவுங்க!"

பின்னாலேயே வந்த டப்பா சார் வாயைப் பிளந்தார். "அப்போ காலையில நான் தோசைக்கல்லுல ஊத்தினது பாலா? அதான் திருப்பவே வரல!"

கூடத்தில் மாப்பிள்ளையின் அப்பா கனைத்தார். தங்கை அழ ஆரம்பித்தாள். நான் கையை ஓங்கிவிட்டேன். டப்பா சார் ஓடினார். பக்கத்து வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் சுடவைத்து, அண்டாவும் பாத்திரங்களுமாகத் திரும்பினார். பிசிபேளாபாத், புளிசாதம், கூட்டு, மோர்க்குழம்பு. எட்டு இலையும் நிறைந்தது.

மாப்பிள்ளையின் அப்பா மூன்றாம் தரம் வாங்கிக்கொண்டு கேட்டார். "பொண்ணைப் பிடிச்சிருக்குதுங்க. சமையல் ஆரு?"

"பக்கத்து வீட்டு சார்."

"அவருக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்களா?"

சாயங்காலம் பஸ் ஓடியது. தட்டு மாற்றிக்கொண்டு போனார்கள். பாத்திரம் கொடுக்கப் போனால், டப்பா சார் காலி ஃப்ரீசரைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ராத்திரிக்கு என்ன சார்?" என்று கேட்டேன்.

"பேடா சார், ஒண்ணும் வேண்டாம். பசி இல்ல."

ஆவி பறக்கச் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்தேன். அவர் பாதியை எடுத்து ஒரு கவரில் போடப் போனார். "நாளைக்கு ஆகும் சார்."

கவரைப் பிடுங்கினேன். "நாளைக்கு எங்க வீட்டுல அடுப்பு எரியாதா? உக்காந்து சூடா சாப்பிடுங்க!"

சூட்டுக்குப் பழகாத மனிதர். ஊதி ஊதிச் சாப்பிட்டார். முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.