நாவல் பள்ளத்து விசாரணை

ஒரு காட்டில், நில அளவைச் சங்கிலி நுழைவதற்கு வெகுகாலம் முன்பே, நாவல் மரத்தடிப் பள்ளத்தில் சருகுமான்கள் வாழ்ந்துவந்தன. பிறகு சமவெளியிலிருந்து காட்டுப்பன்றிகள் வந்தன. "இந்த மழைக்காலம் மட்டும் தங்கிக்கிறோம்" என்றது தாத்தா பன்றி. பேரன் தங்கராசு தலையெடுத்த பிறகும் அந்த மழைக்காலம் முடியவில்லை. சருகுமான்கள் மேலே மொட்டைப் பாறைக்கு ஒதுங்கின.

மாதி என்ற சருகுமானின் முதல் குட்டியை அந்தப் பாறையில்தான் கழுகு தூக்கிப்போனது. இப்போது மறுபடி வயிற்றில் ஒன்று. பயத்தை விழுங்கிக்கொண்டு பள்ளத்தைத் திருப்பிக் கேட்டுச் சிங்க ராஜாவிடம் மனுப் போட்டாள்.

விசாரிக்கப் பள்ளத்துக்கே நாரை வந்தது. கழுத்தில் அடையாள அட்டை, சிறகிடுக்கில் செல்போன்.

"ஏம்மா, நீங்கள் இங்கே வாழ்ந்ததற்கு என்ன அடையாளம்?"

"நாங்க இருந்தவரைக்கும் ஊற்று வத்தலீங்க ஐயா. ஒரு வேர் அறுபடலை. எதையும் நாங்க கெடுக்கலை."

"கெடுக்கவில்லை என்றால், இருந்தீர்கள் என்று நான் எப்படி எழுதுவது?"

மாதி தரையில் தன் காலடித் தடத்தைத் தேடினாள். சருகு மேல் சத்தமில்லாமல் நடக்கிற இனம். சிறுத்தையின் கண்ணில் படாமல் பிழைத்ததுபோலவே சர்க்கார் கண்ணிலும் படாமல் போயிருந்தது.

தங்கராசு முன்னால் வந்தான். "இங்க பாருங்க சார். இந்தக் குழி எங்க தாத்தா தோண்டுனது. அந்த ஊற்றை மூடுனது எங்கப்பா. மரத்துல பட்டை உரிஞ்சிருக்கு பாருங்க, அது நான்."

நாரை ஒவ்வொன்றையும் மகிழ்ச்சியோடு படம் பிடித்தது. "இதுதான் அனுபவ பாத்தியதை, அனுபவித்தவருக்கே உரிமை! பள்ளம் பன்றிகளுக்கே."

"அப்போ என் குட்டியை நான் எங்க ஈனுறதுங்க?"

நாரை கொஞ்சம் யோசித்தது. அதற்கும் மனசு உண்டு. "உங்கள் பாரம்பரியத்தை மதித்து, இந்தப் பள்ளத்துக்குச் 'சருகுமான் நகர்' என்று பெயர் வைக்கச் சிபாரிசு செய்கிறேன்."

பன்றிகள் கைதட்டின.

மாதி பாறைக்குத் திரும்பினாள். அங்கே நிழல் தருவது ஒரே ஒரு காரைச்செடி. அதன் தண்டைக் கடித்துக் கடித்துச் சாய்த்தாள். வேரைக் குளம்பால் கிளறி வெளியே போட்டாள். வாயெல்லாம் முள் கிழித்து ரத்தம். வயிற்றுக்குள் குட்டி உதைத்தது.

"பொறு கண்ணு, இந்த இடமாவது உன் பேருக்கு ஆகட்டும்" என்றாள்.

மேலே கழுகு வட்டமிட்டது. இப்போது அதற்குப் பாறை முழுவதும் தெளிவாகத் தெரிந்தது.

நீதி: குடியிருக்கும் இடத்தைக் கெடுக்காமல் வைத்திருக்காதே, அது உன்னுடையது என்று எந்த அதிகாரியும் நம்பமாட்டார்.