போனை வைக்கக் கற்றுக்கொடுத்த ஓடிபி மிஸ்

திருப்பூர் ஜில்லாவில் வாயைப் பிடுங்க முடியாத ஒரே மனுஷி யாரென்று கேட்டால், எங்கள் ஓடிபி மிஸ்தான் என்று எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். எங்கள் பக்கத்தில் வாயைப் பிடுங்குவது சாதாரண விஷயமில்லை, ஒரு கலை. பல்லடம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிற ஆள், கண்டக்டர் வருவதற்குள், “ஏனுங்க, எந்த ஊருங்க? எந்தக் கம்பெனிங்க? பொண்ணு என்ன படிக்குதுங்க? மாப்பிள்ளை பாக்கறீங்களா?” என்று மொத்தத்தையும் கறந்துவிடுவார். நாமும் சளைத்தவர்களா? கேட்டதைச் சொல்லி, கேட்காததையும் சொல்லி, இறங்கும்போது வீட்டுக்கு வழியும் சொல்லிவிட்டு இறங்குவோம். இப்படிப்பட்ட ஊரில், தான் எந்தத் தெருவில் குடியிருக்கிறேன் என்பதைக்கூடச் சொல்லாமல் ஒருத்தர் காலம் தள்ளினார் என்றால் சும்மாவா!

பெருமாநல்லூர் ரோட்டை ஒட்டிய ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் ஆபீஸ் கிளார்க். பனியன் கம்பெனியில் பில் போட்டுப் போட்டு அலுத்துப்போய் அங்கே போய்ச் சேர்ந்தவன். பள்ளி ஐந்தாம் வகுப்பு வரைதான். எனக்கு மகள் வயசுதான் இருக்கும், அங்கே கம்ப்யூட்டர் மிஸ்ஸாக அவர் வந்த முதல் நாளே எனக்குத் தலை சுற்றியது.

“பேரு சொல்லுங்க மிஸ்.”

“எதுக்குங்க கேக்கறீங்க?”

“அட்டெண்டன்ஸ்ல எழுதோணுமுங்க.”

“அதை யாரெல்லாம் பாப்பாங்க?”

“நானும் தாளாளரும்தானுங்க. இதென்ன ராணுவ ரகசியமா?”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பெயரைச் சொன்னார். இனிஷியலைச் சொல்லவில்லை.

ஓடிபி மிஸ் என்ற பட்டம் கேஸ் சிலிண்டர் போடுகிற தம்பி கொடுத்தது. அவன் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப்போய், “அக்கா, போன்ல ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க” என்றிருக்கிறான். “ஓடிபியை யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு ஊரெல்லாம் சொல்றாங்களேங்க தம்பி” என்று இவர் கதவைச் சாத்திவிட்டார். இந்த ஒரு ஓடிபியைச் சொல்லித்தான் ஆகணும் என்று அவன் வாசலில் நின்று கெஞ்சிப் பார்த்துவிட்டுச் சிலிண்டரோடு இறங்கிப் போனான். கேஸ் கம்பெனிக்கே போன் போட்டு விசாரித்துத் தெளிவாகும்வரைக்கும் மிஸ்ஸுக்குப் பேக்கரி பன்னும் டீயும்தான். அந்தத் தம்பி வழியில் கண்டவர்களிடமெல்லாம் புலம்பியதில் பெயர் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

வகுப்புக்கு வருவோம். பள்ளியில் இருந்தது இரண்டே கம்ப்யூட்டர். ஒன்று ஓடாது, இன்னொன்று ஓடும், ஆனால் அதன் இஷ்டத்துக்கு. மிஸ் இரண்டையும் மூடி வைத்துவிட்டார். “இது பின்னால தானா வந்துரும் சார். முதல்ல போனு” என்றார். பனியன் நூல் சுற்றிவருகிற அட்டைக் கோன்களை நிட்டிங் கம்பெனிகளில் வாங்கிவந்து, பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அதுதான் போன். காதில் வைத்துக்கொண்டு முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், டெலிபோன் ஆபீஸையே குழந்தைகளிடம் ஒப்படைத்த மாதிரி இருக்கும்.

ஒரு பையனின் பனியனைப் பிடித்துக் காட்டிப் பாடம் ஆரம்பிப்பார். “முன்னால போட்டிருக்கற படம் ஊருக்கே தெரியும். கழுத்துக்குள்ள இருக்கற லேபிள் யாருக்குத் தெரியும்? உனக்கும் உங்கம்மாவுக்கும். உன் பேரு, உங்க ஊடு, அப்பா கம்பெனி, அம்மா ஷிப்ட்டு முடிஞ்சு வர்ற நேரம் இதெல்லாம் உள்ளார இருக்கற லேபிளு. போன்ல யாரு கேட்டாலும் வெளிய இழுத்துக் காட்டக்கூடாது.” அப்பா தையல், அம்மா செக்கிங் என்றிருக்கிற பிள்ளைகளுக்கு இது பளிச்சென்று புரிந்தது.

அடுத்ததுதான் கூத்து. போனில் பேசுகிற கெட்டவனாக நடிக்க ஆள் வேண்டுமாம். என்னைக் கூப்பிட்டார்.

“நானாங்க மிஸ்?”

“உங்க முகம் தோதா இருக்குதுங்க சார்.”

போகட்டும் என்று ஒரு கோனை வாங்கிக்கொண்டு, “டேய்! உங்க ஊடு எங்கடா?” என்று உறுமினேன். மிஸ் தலையில் அடித்துக்கொண்டார். “இப்படிக் கேட்டா எந்தக் கொழந்தை சார் சொல்லும்? கெட்டவன் அதட்டமாட்டான். நம்மளைவிட நல்லாப் பேசுவான். குரல்ல கொஞ்சம் பாசத்தை விடுங்க.” பாசத்தை விட்டுக் கேட்டேன். ரெண்டாம் வகுப்பு தர்ஷினி, வீடு, தெரு, பக்கத்து வீட்டு நாய் பெயர் வரைக்கும் ‘ங்க’ போட்டுப் போட்டு ஒப்பித்தாள். எனக்கே சுரீர் என்றது.

பேசுவதை நிறுத்தினால் போதாது, போனை வைக்கவும் தெரிய வேண்டும் என்றார் மிஸ். இங்கேதான் எங்கள் ஊர் வழக்கத்தில் கை வைத்தார். எங்கள் பக்கத்தில் யாரும் போனைப் பட்டென்று வைக்கமாட்டோம். “வெச்சுறட்டுங்களா?” என்று உத்தரவு கேட்போம். அந்தப் பக்கத்திலிருந்து, “வெச்சுருங்க” என்று வரவேண்டும். அவர் உடனே சொல்வாரா? “அப்புறமுங்க...” என்று இழுப்பார். மறுபடி “வெச்சுறட்டுங்களா?” இப்படி உத்தரவு வாங்கியே எத்தனையோ பஸ்ஸை நான் விட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கும் வாய் பேச ஆரம்பிக்கும்போதே இது பழகிவிடும்.

“தெரியாத ஆளா? கேக்க வேண்டாம், வெச்சுரு. அம்மாகிட்டச் சொல்லாதேன்னு சொல்றானா? அந்த நிமிசமே வெச்சுரு. வெச்சுட்டு அம்மாகிட்டச் சொல்லு” என்றார் மிஸ். முப்பது கோனும் டப்பென்று மேஜையில் இறங்கும். பக்கத்து வகுப்பு மிஸ் வந்து சண்டை போட்டுவிட்டுப் போவார்.

பாடம் நன்றாகவே ஏறிவிட்டது. ரொம்ப நன்றாக ஏறியதுதான் வினை. கோயிலில் அர்ச்சனைக்கு, “பேரு, நட்சத்திரம் சொல்லு கண்ணு” என்ற அய்யரிடம், “எதுக்குங்க கேக்கறீங்க?” என்றது ஒரு குழந்தை. காய்ச்சலோடு டாக்டரிடம் போன பையன் வயசைச் சொல்லமாட்டேன் என்று அழுத்தமாக உட்கார்ந்துவிட்டான். பீகாரிலிருந்து வந்த டெய்லர் ஒருத்தரின் மகன், வாடகைக்கு வந்து அப்பா எங்கே என்று கேட்ட வீட்டுக்காரரிடம், சொல்லமாட்டேன் என்பதை இந்தியில் “நஹி பதாவுங்கா-ங்க” என்றானாம். மரியாதையும் குறையவில்லை பாருங்கள்! ஆனால் பெற்றவர்கள் விடுவார்களா? தினம் ஒருத்தர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

எங்கள் தாளாளருக்கு மூக்கின்மேல் கோபம் வரும். நல்ல மனுஷர், ஆனால் அட்மிஷன் குறைந்துவிடுமோ என்ற பயத்திலேயே வாழ்கிறவர். பள்ளிக்காக அவரே ஒரு பேஸ்புக் பக்கம் வைத்திருந்தார். எந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும், யூனிபார்ம் போட்டோ, முழுப் பெயர், வகுப்பு, அப்பா பெயர், அவர் வேலை பார்க்கிற கம்பெனி, வேன் ரூட், வாழ்த்துச் சொல்ல வீட்டு போன் நம்பர் எல்லாம் போட்டு, கேக் படம் ஒட்டி, வாழ்த்து வெளியிடுவார். ஒற்றை விரலால் அவரே தட்டுவார். லைக் ஏற ஏற அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

“சார், இது நம்மளே வழி சொல்லி அனுப்பற மாதிரிங்க” என்று மிஸ் நேராகவே சொல்லிவிட்டார்.

“பெத்தவங்களே சந்தோசப்படறாங்க, உங்களுக்கு என்னங்க மிஸ் வந்துச்சு?” என்றார் தாளாளர். நான் நடுவில் நின்று விட்டத்தைப் பார்த்தேன்.

இந்த நேரத்தில்தான் தர்ஷினியின் அப்புச்சி வந்து சேர்ந்தார். ஊத்துக்குளிக்காரர், அம்மாவைப் பெற்றவர். வெள்ளை வேட்டி, துண்டு, கையில் போன். அவரைப் பார்த்தால் யாரோ கன்னத்தில் அறைந்துவிட்ட மாதிரி இருந்தது.

“பள்ளிக்கூடமுங்களா இது? புது நம்பர்ல இருந்து எம் பேத்திக்குப் போன் போட்டு, அம்மா எப்ப கண்ணு வருவான்னு கேட்டனுங்க. நீங்க அப்புச்சின்னு எனக்கு எப்படிங்க தெரியும்னு சொல்லிப்போட்டு, பட்டுன்னு வெச்சுட்டாளுங்க! ஒரு வார்த்தை, வெச்சுறட்டுங்களான்னு கேக்கலீங்க! எங்க வம்சத்துலயே யாரும் இப்படிப் போனை வெச்சதில்லீங்க!”

தாளாளர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். பெரியவர் போனதும் மிஸ்ஸைக் கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். “இதுதான் கடைசி. இன்னொரு புகார் வந்தா நீங்க அன்னைக்கே கிளம்பிக்கலாம்.”

“கம்ப்யூட்டரைத் தொடைக்கச் சொன்னா தொடைக்கறேனுங்க சார். இந்த வகுப்பை மட்டும் விடமாட்டேனுங்க.”

இதே பாடத்துக்காக முன்னாடி இருந்த பள்ளியிலும் அவருக்கு வேலை போயிருந்ததை அந்தப் பள்ளி கிளார்க் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வயசான அம்மாவும் அவர் சம்பளமும்தான் வீடு. “ஏனுங்க மிஸ் இந்தப் பிடிவாதம்? ஒரு மாசம் அடக்கி வாசிச்சா என்ன?” என்றேன்.

“கொழந்தைக கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லும் சார். நல்லா வளத்த கொழந்தை இன்னும் சீக்கிரம் சொல்லும்” என்றார். அதற்கு மேல் அவர் வாயைப் பிடுங்க முடியுமா என்ன!

அடுத்த வாரம் தர்ஷினிக்குப் பிறந்தநாள். வழக்கம்போல் தாளாளரின் பேஸ்புக் பக்கத்தில் போட்டோவும் கேக்கும் ஏறின. இரண்டு நாள் கழித்துக் காலையில் கேட்டைத் திறந்தால், அதே அப்புச்சி! கூடவே தர்ஷினி. பின்னால் அவள் அம்மா, முந்தின நாள் கம்பெனிக்குப் போன துணியோடு அப்படியே ஓடிவந்திருக்கிறார், தலையிலும் துப்பட்டாவிலும் நூல் பிசிறு. முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன். மிஸ்ஸும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். கம்ப்யூட்டர் ரூமுக்குப் போய் ஒரு அட்டைப்பெட்டியில் கோன்களையெல்லாம் அள்ளிப் போட்டு, தண்ணீர் பாட்டிலை மேலே வைத்து, பெட்டியோடு தாளாளர் ரூமுக்கு வந்து நின்றார்.

தாளாளர் முந்திக்கொண்டார். “பெரியவரே, மறுபடியும் தப்பு நடந்துபோச்சுங்களா? மன்னிச்சுக்கங்க. மிஸ் இன்னையோட...”

“கொஞ்சம் இருங்க சார்” என்றார் அந்த அம்மா. “நேத்து நான் ஷிப்ட்டுல இருந்தனுங்க. ஹோம்வொர்க் பாக்கறதுக்குன்னு ஊட்டுல ஒரு போன் வெச்சிருக்கேன். அதுக்கு ஒரு ஆளு கூப்பிட்டிருக்கான். நீயே சொல்லு கண்ணு.”

தர்ஷினி வகுப்பில் பாடம் ஒப்பிப்பது போல் கையைக் கட்டிக்கொண்டாள். “ஹேப்பி பர்த்டே தர்ஷினின்னாருங்க. எங்கப்பா பேரு, கம்பெனி, என்ற கிளாஸு, வேனு எல்லாம் அவரே சொன்னாருங்க. அப்பாவோட பிரெண்டாம், கிப்ட்டு வாங்கியிருக்காராம். ஊடு எந்தச் சந்துல, அம்மா எப்ப வருவாங்கன்னு கேட்டாருங்க. நான் சொல்லலீங்க. அம்மாகிட்டச் சொல்லாதே, சர்ப்ரைஸுன்னாருங்க.”

“அப்புறம்?” என்றார் மிஸ்.

“வெச்சுறட்டுங்களான்னு கேட்டனுங்க மிஸ். வெக்காதேன்னாருங்க. நான் வெச்சுட்டேனுங்க.”

பிள்ளை போனை வைத்த கையோடு கதவைத் தாழ்போட்டுவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். அம்மா சூப்பர்வைசரிடம்கூடச் சொல்லாமல் வீட்டுக்கு ஓடியிருக்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் நம்பரைக் கொடுத்துவிட்டு, மறுநாள் முதல் வேலையாக இங்கே வந்திருந்தார்கள்.

“அவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் சார் எனக்குப் புரியலை” என்றார் அம்மா.

யாரும் தாளாளரைப் பார்க்கவில்லை. அவராகவே போனை எடுத்தார். தான் போட்ட பிறந்தநாள் வாழ்த்தைத் திறந்து பார்த்தார். அப்புறம் போனை மிஸ் பக்கம் நீட்டினார். “இதையெல்லாம் எப்படிங்க மிஸ் அழிக்கறது? எனக்குப் போட மட்டும்தான் தெரியும்.” அந்த மனுஷர் கண்ணில் தண்ணீரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மிஸ் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, ஒற்றை விரலால் ஒவ்வொரு பிள்ளையாக அழித்துக்கொண்டே இருந்தார்.

கிளம்புகிற நேரத்தில் அப்புச்சி மட்டும் நகரவில்லை. துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டார்.

“அம்மிணி, அன்னைக்கு நான் பேசுனது தப்புதானுங்க. ஒரு உதவி வேணுமுங்க. எனக்குத் தெனமும் லோன் வேணுமான்னு ஒரு புள்ள போன் பண்ணுது. வேண்டாஞ்சாமின்னு சொன்னாலும் விடமாட்டீங்குது. எப்படி வெக்கறதுன்னே தெரியலீங்க. சாப்ட்டியா கண்ணுன்னு கேட்டு, அவங்க ஊர் மழை நெலவரம் வரைக்கும் பேசிப்போட்டேன். என்னையும் அந்த வகுப்புல சேத்துக்கங்க.”

அவ்வளவு நேரம் அழாமல் நின்றிருந்த அம்மா சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு அழுகையாகி, பிள்ளையைக் கட்டிக்கொண்டார்.

அவர்கள் போனபிறகு ஆபீஸ் பெஞ்சில் மிஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அந்தப் புள்ள வெக்காம இருந்திருந்தா என்னங்க சார் ஆயிருக்கும்?” என்றார். வாயைத் திறக்காத மனுஷியின் வாயிலிருந்து அது தானாக வந்தது.

“வெச்சுட்டாளே” என்றேன். பெட்டியை வாங்கிக்கொண்டு போய், கோன்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் அடுக்கினேன். பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தேன். மணி அடித்தது. “போ கண்ணு, ஒண்ணாங்கிளாஸ் பசங்க காத்துக்கிட்டிருக்காங்க” என்றேன். மிஸ் என்றுதான் சொல்ல வந்தேன். வாயில் கண்ணு என்று வந்துவிட்டது, அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.