பச்சைப் பொத்தானின் பெருந்தன்மை

மனித குலத்துக்குத் தேர்வுச் சுதந்திரம் என்றால் என்னவென்று காட்டிய இடம் ஒன்று உண்டென்றால், அது விமான நிலையத்தில் பயணப்பெட்டி விற்கும் எங்கள் கடைதான். அங்கே பெட்டி தூக்கி அடுக்குவது என் உத்தியோகம். ஆகவே பாரபட்சமில்லாமல் சொல்கிறேன்.

வெளிநாட்டுக்காரர் யாராவது கிரெடிட் கார்டை நீட்டினால் எங்கள் மெஷின் வெடுக்கென்று பிடுங்காது. பணிவாகக் கேட்கும்: "உங்கள் நாட்டுப் பணத்திலா, எங்கள் நாட்டுப் பணத்திலா?" அவர் நாட்டுப் பணத்துக்குப் பச்சைப் பொத்தான், கட்டைவிரல் அகலம். எங்கள் பணத்துக்கு மூலையில் சாம்பல் நிறத்தில் கடுகளவு ஒன்று. பச்சையைத் தொட்டால் மெஷினே மாற்றிக் கொடுக்கும். அந்தச் சிரமத்துக்கு நூற்றுக்கு ஏழு எடுத்துக்கொள்ளும். அதில் கடைக்கும் பங்குண்டு. இதன் திருநாமம் 'விருந்தினர் வசதி'.

இந்தப் புனிதப் பணிக்கு இடைஞ்சல் வந்தது துப்புரவு அக்காவால். எழுத்துக் கற்ற நாளிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுப் படிப்பவர் அவர். அன்று கல்லாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதி பெட்டி வாங்க வந்திருந்தார்கள்; கணவர் பச்சைமேல் விரலைக் கொண்டுபோனார். திரையின் அடியில் எறும்பு ஊர்வது போல் ஒரு வரி.

"மா... ற்றுக் கட்... டணம் ஏழு சத... வீதம்" என்றார் அக்கா.

"என்னம்மா சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. அதுதான் சொல்லுது."

அவர் மனைவி பாய்ந்தார். "கைய எடுங்க! இந்த ஊர்ப் பணத்துலயே குடுங்க, நம்ம பேங்க் இதவிடக் கொறச்சலா மாத்தும். அந்தச் சின்னத அழுத்துங்க."

"எங்கடி இருக்கு அது?"

"மொதல்ல கண்ணாடியப் போடுங்க!"

வரிசையில் நின்றவர்கள் காதிலும் விழுந்தது. மாலைக்குள் பதினொரு பேர் சாம்பலை அழுத்திவிட்டார்கள். கடையில் துக்கம். மேலாளர் அவசரக் கூட்டம் போட்டார். கையில் துடைக்கும் துணியோடு அக்கா நடுவில் நின்றார். சம்பளம் ஒன்று, வாய் நாலு என்று ஓடும் குடும்பம் அவருடையது.

"அங்க உங்கள யார் வாசிக்கச் சொன்னது?"

"எழுத்து இருந்துச்சு சார்."

"எழுத்து செவுத்துலகூடத்தான் இருக்கு!"

"அதையும் படிச்சிட்டேன் சார். தீயணைக்கிற உருளை காலாவதியாகி மூணு வருஷமாச்சு."

மேலாளர் தண்ணீர் குடித்தார். "மனசுக்குள்ள படிக்கக் கூடாதா?"

"அது அடுத்த மாசப் பாடம் சார்."

"என்ன பாடம்? எங்க?"

கணக்கர் அவர் காதருகே குனிந்தார். "நம்ம கம்பெனி நடத்துற இலவச எழுத்தறிவு வகுப்பு சார். நீங்கதான் ரிப்பன் வெட்டுனீங்க. வாசல்ல உங்க போட்டோ தொங்குது."

மேலாளர் நெடுநேரம் கண்ணை மூடி யோசித்தார். அவருக்கு ஈர நெஞ்சு. அதை நாங்கள் மறுப்பதற்கில்லை.

"பாவம், இந்தம்மா வேலையில இருக்கட்டும்" என்றார்.

நாங்கள் கை வலிக்கத் தட்டினோம்.

"வகுப்ப மூடிருங்க."

தட்டிக்கொண்டிருந்த வேகத்தில் அதற்கும் சேர்த்துத் தட்டிவிட்டோம்.