டீச்சருக்குத் தொண்டை கட்டிய நாள்

போன் பேட்டிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். அன்றைக்குப் பார்த்தா டீச்சருக்குத் தொண்டை கட்ட வேண்டும்? அடுத்தவர் குரலையெல்லாம் சீராக்கி அனுப்பும் பேச்சுப் பயிற்சியாளரை அவர் குரலே கைவிட்டுவிட்டது. "ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மாணவி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பெண்ணாக வாழத் தொடங்கிய பிறகும், அவள் போனை எடுத்தால் எதிர்முனை "சார்" என்றுதான் ஆரம்பிக்கும். இப்போது கேட்டிருப்பதோ ஆஸ்பத்திரியில் போன் எடுக்கிற வேலை. அங்கே குரல்தான் எல்லாம்.

"இன்னிக்கும் சார்னு கூப்பிட்டா, நான் குடோன்லயே மூட்டை அடுக்கிக்கிட்டு இருந்துடுவேன் டீச்சர்."

டீச்சர் சைகையாலேயே தைரியம் சொன்னார்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் மேலாளர் அம்மாவின் குரல் வந்தது. அப்படியொரு நிதானம், அப்படியொரு கனிவு. டீச்சர் வாயைப் பிளந்து கேட்டார். இது பிறவிக் குரல், எந்தப் பயிற்சியிலும் வராது என்று பெருமூச்சு விட்டார்.

மாணவியின் குரல் நடுங்கித் தணிந்தது. குரலை உயர்த்தச் சொல்லி டீச்சர் கையைத் தூக்கினார். பதற்றத்தில் மாணவி எழுந்து நின்றாள். டீச்சர் இன்னும் தூக்கினார். இந்த முறை குரல் கீச்சென்று உச்சிக்குப் போனது.

"லைன்ல ஏதோ விசில் கேக்குதும்மா."

டீச்சர் அவசரமாகக் கையை இறக்கினார். மாணவி உட்கார்ந்தாள், குரலும் கூடவே கீழே போய் உட்கார்ந்துகொண்டது.

பொறுக்கமாட்டாமல், சரியான சுருதியை எடுத்துக் கொடுக்க டீச்சர் "ம்ம்ம்" என்றார். கரகரவென்று ஏதோ வந்தது.

"பக்கத்துல யாரோ ஒரு சார் இருக்கார் போல?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாணவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

டீச்சருக்குப் புல்லரித்தது. சிரிப்பைப் பழக்குவதுதான் இந்தத் தொழிலில் பெரும்பாடு. அடக்க முடியாமல் வரும்போது பழைய குரல் எட்டிப் பார்த்துவிடும். இந்தச் சிரிப்போ யாரும் சொல்லித்தராமல், முழுக்க முழுக்க அவளுடையதாக வந்தது. எத்தனை பேருக்கு நடந்து பார்த்திருந்தாலும், ஒரு மனுஷிக்குத் தன் குரல் கிடைக்கிற அந்தக் கணம் டீச்சரை உலுக்கிவிடும்.

அந்தக் குரலிலேயே மீதிக் கேள்விகளுக்கும் மாணவி பதில் சொன்னாள்.

"திங்கட்கிழமை வந்து சேந்துக்கோம்மா" என்றார் மேலாளர்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பலமாக இருமினார்.

"அப்புறம் அந்த சார்கிட்ட சொல்லும்மா, தொண்டையை இப்படியே விட்டுட வேண்டாம்னு. நம்ம ஊர்ல பேச்சுப் பயிற்சி டீச்சர் ஒரே ஒருத்தங்கதான் இருக்காங்க. என்னை எல்லாரும் சார்னு கூப்பிட்டுக்கிட்டிருந்த காலத்துல, இந்தக் குரலை எனக்கு எடுத்துக் குடுத்தது அவங்கதான்."